ஒன்றை எடுத்தால் மற்றவை நகரும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகும் மாணாக்கர்களுக்குப் பட்டியல் என்ற சாதனம் அறிமுகமாகும் நாள் பெரும்பாலும் உற்சாகமான நாளாகவே இருக்கிறது. அதுவரையில் ஒரு பெயருக்கு ஓர் எண், மற்றொரு பெயருக்கு ஒரு சொல் என்று சில்லறையாகச் சேமித்து வந்தவர்கள், ஒரே பெயரின் கீழ் நூறு மதிப்பெண்களையோ ஆயிரம் முகவரிகளையோ வரிசையாக அடுக்கி வைக்கலாம் என்று அறிந்தவுடன், இனி நம்மால் எழுத முடியாத நிரல் ஏது என்ற நம்பிக்கையைப் பெற்றுவிடுகிறார்கள். பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதிலும் யாதொரு சிரமமும் இல்லை. கடைசியில் கொண்டுபோய் வைத்தால் தீர்ந்தது. சேர்த்ததை நீக்கத் தொடங்கும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. படித்துப் பார்த்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாத நிரல், ஓடவிட்டுப் பார்த்தால் தவறான விடையைச் சற்றும் கூச்சமில்லாமல் கொடுக்கிற விசித்திரத்தை அவர்கள் முதன்முதலாக இங்கேதான் சந்திக்கிறார்கள்.

இந்த விசித்திரத்துக்கு மூலகாரணம் ஒன்றே ஒன்றுதான். கடைசியில் சேர்க்கப்படும் பொருள் தனக்கு முன்னே இருப்பவற்றை எவ்விதத்திலும் தொடுவதில்லை. நடுவிலிருந்து எடுக்கப்படும் பொருளோ, தனக்குப் பின்னே இருப்பவை அத்தனையின் இடத்தையும் மாற்றிவிட்டுப் போகிறது. இவ்வளவு எளிய விஷயத்தை மறந்துபோவதால் உண்டாகும் பிழைகள், பள்ளிக்கூடத்துப் பையன்களை மட்டுமன்றி, நிரல் எழுதுவதையே ஜீவனமாகக் கொண்டவர்களையும் அவ்வப்போது பிடித்துக்கொள்கின்றன.

உதாரணத்துக்குப் பைத்தான் மொழியையே எடுத்துக்கொள்வோம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித, கணிப்பொறி ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த கீடோ வான் ராஸம் என்னும் டச்சுக்காரர், 1989 ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக ஆரம்பித்து, 1991 இல் வெளியிட்ட மொழி அது. பெயரைப் பார்த்து மலைப்பாம்பை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ‘மான்ட்டி பைத்தான்’ என்ற ஹாஸ்ய நிகழ்ச்சியின் ஞாபகமாக இடப்பட்ட பெயர். இன்று உலகெங்கும் ஆரம்ப வகுப்புகளில் முதன்மையாகக் கற்பிக்கப்படும் மொழிகளில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் இடம்பெற்றிருக்கிறது.

ஒரு வகுப்பின் மதிப்பெண்கள் 72, 28, 31, 64, 19, 85 என்று ஆறு எண்கள் கொண்ட பட்டியலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். பைத்தான் இவற்றுக்கு இட எண் கொடுக்கும்போது 1 இலிருந்து தொடங்குவதில்லை; 72 இருக்குமிடம் 0, 28 இருக்குமிடம் 1, இப்படியே போய் 85 இருக்குமிடம் 5. சூனியத்திலிருந்து எண்ணுவது நமக்கு விபரீதமாகத் தோன்றினாலும், அதே டச்சு நாட்டில் பிறந்த கணிப்பொறி மேதையான டைக்ஸ்ட்ரா, 1982 இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில், தொடக்க எல்லையைச் சேர்த்தும் முடிவு எல்லையை விட்டும் எண்ணுவதே குழப்பம் குறைந்த முறை என்றும், அப்படி எண்ணும்போது சூனியத்திலிருந்து தொடங்குவதே இயற்கையானது என்றும் வாதித்திருக்கிறார். அந்த வழக்கத்தைப் பைத்தானும் அனுசரிக்கிறது.

நீக்குவதற்கு இம்மொழியில் பிரதானமாக மூன்று வழிகள் இருக்கின்றன. ‘ரிமூவ்’ என்பது பொருளைச் சொல்லி நீக்கச் சொல்வது. 28 ஐ நீக்கு என்றால், பட்டியலை முதலிலிருந்து தேடிக்கொண்டு வந்து, முதலில் அகப்படும் 28 ஐ மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடும். இன்னொரு 28 பின்னால் இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படாது. அப்படி ஒன்று பட்டியலிலேயே இல்லையென்றால், சும்மா இருந்துவிடாமல் பிழைச் செய்தி கொடுத்து நிரலையே நிறுத்திவிடும். ‘பாப்’ என்பது இடத்தைச் சொல்லி எடுக்கச் சொல்வது; எடுத்த பொருளை நம் கையிலேயே கொடுத்துவிடுவது அதன் விசேஷம்; இடத்தைச் சொல்லாவிட்டால் கடைசியில் இருப்பதை எடுக்கும். ‘டெல்’ என்பதும் இடத்தைச் சொல்லி நீக்குவதுதான், ஆனால் நீக்கியதைத் திருப்பிக் கொடுக்காது. ஒரே வீச்சில் ஒரு பகுதியையே வெட்டியெடுக்கவும் அதனால் முடியும். 1 முதல் 3 வரை நீக்கு என்று அதனிடம் சொன்னால் நீங்குபவை 28, 31 என்ற இரண்டே. 3 ஆம் இடத்து 64 தப்பித்துக்கொள்ளும். முடிவு எல்லையைச் சேர்க்காமல் எண்ணும் வழக்கத்தின் பலன் அது. பட்டியலை அடியோடு காலி செய்ய ‘கிளியர்’ என்று ஒன்றும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இவற்றில் ‘ரிமூவ்’ என்பதிடம் ஆரம்ப மாணாக்கர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. நீக்கிய பின் மிஞ்சிய பட்டியலை அது நமக்குத் திருப்பிக் கொடுக்கும் என்று எண்ணிக்கொண்டு, ‘மதிப்பெண்கள் = மதிப்பெண்கள்.ரிமூவ்(28)’ என்று எழுதிவிடுகிறார்கள். அதுவோ இருக்கிற பட்டியலிலேயே மாறுதலைச் செய்துவிட்டு, ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் ‘நன்’ என்ற மதிப்பைத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே 28 ஒன்றை மட்டும் இழக்க நினைத்தவர், மதிப்பெண்கள் என்ற பெயரின் கீழ் இருந்த பட்டியல் முழுவதையும் இழந்து நிற்கிறார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பைத்தானில் மெய் என்பதைக் குறிக்கும் ‘ட்ரூ’ என்ற மதிப்பும் 1 என்ற எண்ணும் சமமாகவே கருதப்படுகின்றன. இரண்டும் கலந்திருக்கும் பட்டியலில் 1 ஐ நீக்கு என்று கட்டளையிட்டால், ‘ட்ரூ’ முன்னால் இருக்கும் பட்சத்தில் அதுதான் போகும். இப்படிக் கலந்து வைக்கும்படி யாருக்கும் நிர்ப்பந்தம் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

இவையெல்லாம் விதிகளை ஒருமுறை படித்துவிட்டால் தீர்ந்துவிடக்கூடிய சந்தேகங்கள். உண்மையான சிக்கல், பட்டியலின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சிக்குள் நீக்குவதை வைக்கும்போது எழுகிறது.

மேற்சொன்ன பட்டியலில் 35 க்குக் குறைந்தவற்றையெல்லாம் நீக்க வேண்டும் என்று ஓர் ஆசிரியர் சொல்கிறார். மாணாக்கன், பட்டியலில் உள்ள ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எடுத்துப் பார், அது 35 க்குக் குறைவாக இருந்தால் நீக்கு என்று, மனிதரிடம் சொல்வது போலவே இயல்பாக எழுதுகிறான். 28, 31, 19 ஆகிய மூன்றும் போய், 72, 64, 85 ஆகிய மூன்றும் மிஞ்ச வேண்டும். நிரலை ஓடவிட்டால் மிஞ்சுவது 72, 31, 64, 85. எந்தப் பிழைச் செய்தியும் வராது. 31 மட்டும் ஒன்றும் அறியாதது போல அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

நடந்தது என்னவென்று நிதானமாகத் தொடர்ந்து பார்த்தால் மர்மம் எதுவும் இல்லை. சுழற்சி, தான் எந்தப் பொருளைப் பார்த்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. எந்த இடம் வரையில் வந்தோம் என்பதை மட்டுமே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. 0 ஆம் இடத்தில் 72 ஐப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது. 1 ஆம் இடத்தில் 28 ஐப் பார்த்து நீக்குகிறது. அந்தக் கணமே 31 நகர்ந்து 1 ஆம் இடத்துக்கும், 64 நகர்ந்து 2 ஆம் இடத்துக்கும் வந்துவிடுகின்றன. சுழற்சியோ தன் கணக்குப்படி 2 ஆம் இடத்துக்குப் போய் 64 ஐப் பார்க்கிறது. அடுத்து 3 ஆம் இடத்தில் 19, அதை நீக்குகிறது, 85 நகர்ந்து 3 க்கு வருகிறது, சுழற்சி 4 க்குப் போய்ப் பார்த்தால், பட்டியலில் நான்கே பொருள்கள் இருப்பதால் அங்கே ஒன்றுமில்லை, வேலை முடிந்ததென்று நிறுத்திவிடுகிறது. 31 உம் 85 உம் பரிசோதனைக்கே உட்படவில்லை. பந்தியில் ஒருவர் பாதியில் எழுந்துபோக, அவருக்கு அப்பால் இருந்தவர்கள் எல்லோரும் ஓர் இடம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டால், அதைக் கவனியாமல் அடுத்த இலைக்குப் போகும் பரிமாறுகிறவரிடமிருந்து ஒருவருக்குப் பாயசம் கிடைக்காமல் போவதைப் போன்ற கதைதான் இது.

இந்தப் பிழையில் மிகவும் அபாயகரமான அம்சம், அது எல்லாச் சமயங்களிலும் வெளிப்படுவதில்லை என்பதுதான் என்று நான் கருதுகிறேன். அதே பட்டியலிலிருந்து 31 ஐ மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட்டு, 72, 28, 64, 19, 85 என்று வைத்துக்கொண்டு அதே நிரலை ஓட்டிப் பாருங்கள். 72, 64, 85 என்று மிகச் சரியான விடை வரும். 64 ஐயும் 85 ஐயும் இந்தத் தடவை சுழற்சி பார்க்கவே இல்லை. அவை நீக்கப்பட வேண்டியவையாக இல்லாததால் குட்டு வெளிப்படவில்லை. நீக்க வேண்டிய இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து வந்தால் மட்டுமே பிழை தலைகாட்டும். ஆகவே நாலைந்து எண்களை இஷ்டம்போல் தட்டிச் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று திருப்தியடைகிற மாணாக்கனின் நிரல், மெய்யான புள்ளிவிவரங்கள் வந்து சேரும் தினத்தில்தான் காலை வாரிவிடுகிறது.

இட எண்களைக் கொண்டு சுழற்சி எழுதுகிறவர்களுக்கு வேறுவிதமான அனுபவம் கிடைக்கும். பட்டியலின் நீளம் 6, ஆகவே 0 முதல் 5 வரை போ என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட்டால், இரண்டு பொருள்கள் போய் நீளம் 4 ஆகச் சுருங்கிய பின்னும் 4 ஆம் இடத்தைத் தேடிப் போய், அப்படி ஓர் இடமே இல்லை என்ற பிழைச் செய்தியுடன் நிரல் நின்றுவிடும். மாணாக்கர்கள் இதைக் கண்டு கலங்குகிறார்கள். உண்மையில் இதுவே இரண்டில் நல்ல பிழை, ஏனெனில் இது வாயைத் திறந்து சொல்கிறது.

பரிகாரங்கள் மூன்று சொல்லப்படுகின்றன. முதலாவது, கடைசியிலிருந்து முன்னோக்கி வருவது. 5 ஆம் இடத்தில் தொடங்கி 0 வரை இறங்கிக்கொண்டே வந்தால், ஒன்றை நீக்கும்போது நகர்பவை எல்லாம் ஏற்கெனவே நாம் பார்த்து முடித்தவையாகவே இருக்கும். பார்க்க வேண்டியவை தத்தம் இடத்திலேயே இருக்கும். யோசித்துப் பார்த்தால் இது வெகு அழகான உபாயம்தான்; ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த நிரலைப் படிக்கிற வேறொருவர், இவர் ஏன் தலைகீழாகப் போகிறார் என்று திகைக்காமலிருக்க, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து, நகலைப் பார்த்துக்கொண்டே மூலத்திலிருந்து நீக்குவது. நகல் அசையாமல் இருப்பதால் எதுவும் தப்பிப் போகாது.

மூன்றாவது வழி, நீக்குவது என்ற எண்ணத்தையே கைவிட்டுவிட்டு, வேண்டியவற்றை மட்டும் பொறுக்கிப் புதிய பட்டியல் ஒன்றைக் கட்டுவது. 35 உம் அதற்கு மேலும் உள்ள மதிப்பெண்களை எடுத்துப் புதுப்பட்டியல் செய் என்று ஒரே வரியில் எழுதுவதற்கென்றே, கணிதத்தில் கணங்களை வரையறுக்கும் முறையை ஒத்த ஒரு வடிவம், 2000 இல் வந்த பைத்தானின் இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஹாஸ்கெல் முதலிய மொழிகளில் முன்பே இருந்த வழக்கம் அது. எதைப் போக்குவது என்று கேட்பதைவிட எதை வைத்துக்கொள்வது என்று கேட்பது மனத்துக்கும் தெளிவு, யந்திரத்துக்கும் சௌகரியம். ஆரம்பத்தில் கற்கிறவர்களுக்கு முதலில் இதையே கற்பித்துவிட்டு மற்ற இரண்டையும் பிறகு காட்டலாம் என்றே நான் சொல்லுவேன்.

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பைத்தானில் ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். வகுப்பாசிரியரின் பகுதி நிரல் அதை ‘மதிப்பெண்கள்’ என்றும், தலைமையாசிரியரின் பகுதி நிரல் அதையே ‘அறிக்கை’ என்றும் வழங்கி வரலாம். இருக்கிற பட்டியலிலிருந்து ‘ரிமூவ்’ செய்தால் இரண்டு பெயர்களின் வழியாகவும் அந்த மாறுதல் தெரியும். புதிய பட்டியல் கட்டி ‘மதிப்பெண்கள்’ என்ற பெயரை அதற்குச் சூட்டினாலோ, ‘அறிக்கை’ இன்னும் பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும். எது வேண்டுமென்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. பழைய பட்டியலின் உள்ளடக்கத்தை மட்டும் புதியதால் மாற்றிவிடவும் இம்மொழியில் வழி உண்டு.

இதே சங்கடத்தை மற்ற மொழிகள் வெவ்வேறு சுபாவத்தோடு எதிர்கொள்கின்றன. ஜாவா மொழியின் பட்டியல், தன்னைச் சுற்றிவரும் சுழற்சி நடக்கும்போது தன்னிடமிருந்து ஏதேனும் நேரடியாக நீக்கப்பட்டதென்று கண்டால், பெரும்பாலும் உடனே கூச்சலிட்டு நிரலை நிறுத்திவிடும். கடைசிக்கு முந்திய பொருளை நீக்கும்போது மட்டும் அந்தக் காவல் ஏமாந்துவிடுகிறது என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஜாவாவில் பட்டியல் முதலிய அமைப்புகள் அடங்கிய தொகுதியை வடிவமைத்தவரான ஜோஷுவா பிளாக், ‘எஃபெக்டிவ் ஜாவா’ என்ற தமது நூலில் இன்னொரு விநோதத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார். −3 முதல் 2 வரையுள்ள ஆறு முழு எண்களைக் கணம் ஒன்றிலும் பட்டியல் ஒன்றிலும் இட்டு, இரண்டிலிருந்தும் 0, 1, 2 ஆகியவற்றை ஒரே மாதிரி நீக்கச் சொன்னால், கணத்தில் எதிர்பார்த்தபடி −3, −2, −1 மிஞ்சும்; பட்டியலிலோ −2, 0, 2 மிஞ்சும். பட்டியலிடம் 0 ஐ நீக்கு என்று எண்ணைக் கொண்டு சொன்னால், 0 என்ற பொருளை என்று கொள்ளாமல், 0 ஆம் இடத்தில் இருப்பதை என்று அது பொருள் கொண்டுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் மற்றவை வேறு நகர்ந்துவிடுகின்றன. பொருளைச் சொல்லுதல், இடத்தைச் சொல்லுதல் என்ற இரண்டுக்கும் பைத்தான் தனித்தனிச் சொற்களை வைத்திருப்பதன் அருமை இங்கே விளங்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் ‘டெலீட்’ என்று சொன்னால் பொருள் போய்விடும், ஆனால் அதன் இடம் காலியாக அப்படியே நிற்கும், நீளமும் குறையாது. சி பிளஸ் பிளஸ் மொழியின் ‘ரிமூவ்’ இன்னும் விசித்திரமானது: அது எதையும் நீக்குவதே இல்லை. வைத்துக்கொள்ள வேண்டியவற்றை முன்பக்கமாக ஒதுக்கிவிட்டு, நல்லவை எவ்விடத்தில் முடிகின்றன என்று மட்டும் சொல்லும். வாலை வெட்டுவது நம்முடைய பொறுப்பு. பல வருஷங்கள் இரண்டு படிகளாகச் செய்துவந்த இந்தக் காரியத்துக்கு, 2020 ஆம் ஆண்டு வந்த அம்மொழியின் தரப் பதிப்பில்தான் ஒரே படியான வழி கிடைத்தது. 1980 களில் பெரும் புழக்கத்திலிருந்த டீபேஸ் என்ற தகவல் தொகுப்பு மென்பொருளும் இப்படித்தான்; ‘டெலீட்’ என்றால் அந்தப் பதிவின்மேல் ஓர் அடையாளம் மட்டும் விழும், ‘ரீகால்’ என்றால் அடையாளம் அழிந்து பதிவு மீண்டுவிடும், ‘பேக்’ என்று கட்டளையிடும்போதுதான் அது மெய்யாகவே நீங்கும். எதை நீக்குவது என்று தீர்மானிப்பதையும், நீக்குவதையும் இரண்டு தனிக் காரியங்களாகப் பிரித்துவைத்த அந்த ஏற்பாட்டில் கணிசமான விவேகம் இருக்கிறது.

இந்த நகர்தல் ஏன் நடந்தே தீர வேண்டும் என்று கேட்கலாம். பைத்தான் பட்டியல், நினைவகத்தில் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து அமைந்த கட்டங்களாக இருக்கிறது. அதனால்தான் ஆயிரமாவது இடத்தில் என்ன இருக்கிறதென்று கேட்டால், எண்ணிக்கொண்டு போகாமல், நேரே அங்கே போய் எடுத்துக் கொடுக்க முடிகிறது. இடையில் காலி விட்டால் அந்த வசதி கெட்டுவிடும். எனவே ஒன்று போனால் பின்னுள்ளவை எல்லாம் நகர்கின்றன. கடைசிப் பொருளை எடுத்தால் நகர வேண்டியது எதுவுமில்லை. முதற்பொருளை எடுத்தால் மிகுதி அனைத்தும் நகர வேண்டும். 1 லட்சம் பொருள்கள் கொண்ட பட்டியலை முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காலி செய்தால், மொத்தம் ஏறக்குறைய 500 கோடி நகர்வுகள் நேரும். பின்பக்கத்திலிருந்து எடுத்தால் ஒன்றுமே இல்லை. இரு முனைகளிலும் சிரமமின்றி எடுக்க வேண்டியவர்களுக்காக ‘டெக்’ என்ற வேறோர் அமைப்பு 2004 முதல் பைத்தானில் இருக்கிறது.

நகர்தலே வேண்டாம் என்றால் அதற்கும் ஓர் அமைப்பு உண்டு. அது பைத்தானைவிட வெகுகாலம் மூத்தது. 1950 களின் நடுவில், அமெரிக்காவில் ரேண்ட் நிறுவனத்தோடு தொடர்பு கொண்டிருந்த ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் என்ற மூவர், தர்க்க சாஸ்திரத் தேற்றங்களை நிரூபிக்கும் நிரல் ஒன்றை எழுத முற்பட்டபோது, ஒவ்வொரு பொருளும் தனக்கு அடுத்தது எங்கே இருக்கிறதென்று தன்னிடமே குறித்து வைத்துக்கொண்டிருக்கும் சங்கிலிப் பட்டியலை உருவாக்கினார்கள். அதில் ஒன்றை நீக்க எதையும் நகர்த்த வேண்டியதில்லை. அதற்கு முந்தியதில் உள்ள குறிப்பை மட்டும், அதற்குப் பிந்தியதைச் சுட்டும்படி மாற்றினால் போதும். முதற்பொருளுக்கு முந்தியது என்று ஒன்று இல்லாததால், அதை நீக்குவதற்கு மட்டும் தனி நிபந்தனை எழுதுவது வழக்கம். லினக்ஸைப் படைத்த லீனஸ் டோர்வால்ட்ஸ், 2016 இல் டெட் மேடையில் பேசியபோது, இந்த நீக்கும் வேலையையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, தனி நிபந்தனையோடு எழுதியதையும், பொருளைப் பற்றாமல் பொருளைச் சுட்டும் குறிப்பின் இடத்தைப் பற்றிக்கொண்டு, முதற்பொருளையும் மற்றவற்றையும் ஒரே விதமாகப் பாவித்து எழுதியதையும் பக்கம் பக்கமாகக் காட்டி, பின்னதிலேயே நல்ல ரசனை இருப்பதாகச் சொன்னார். நிரலுக்கு ரசனை உண்டென்பதை விளக்க அவருக்குக் கிடைத்த உதாரணம், எத்தனையோ பிரம்மாண்டமான விஷயங்களை விட்டு, பட்டியலிலிருந்து ஒன்றை எடுப்பதாக இருந்தது கவனிக்கத்தக்கது.

நீக்கப்பட்ட பொருள் பிறகு என்ன ஆகிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. லிஸ்ப் மொழியை உண்டாக்கிய ஜான் மக்கார்த்தி, சங்கிலியிலிருந்து கழன்று எவராலும் எட்ட முடியாமற்போன பொருள்களின் இடத்தை யந்திரமே தேடிப் பொறுக்கித் திரும்ப உபயோகத்துக்குக் கொண்டுவரும் முறையை 1960 இல் வெளியிட்ட கட்டுரையிலேயே விவரித்திருக்கிறார். வழக்கமாகப் பயன்படும் பைத்தான், ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்களிலிருந்து சுட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கை வைத்திருக்கிறது. பட்டியலிலிருந்து நீக்கினால் அந்த எண்ணிக்கையில் ஒன்று குறையும், சூனியமானால்தான் இடம் விடுபடும். ஆகவே ஒரு பொருளை ஒரு பட்டியலிலிருந்து நீக்கினாலும், அதே பொருள் வேறொரு பட்டியலிலும் இருக்குமானால், நினைவகத்தில் அது தன் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் நாளுக்கு நாள் நினைவகத்தை விழுங்கிக்கொண்டே போவதைக் கண்டு காரணம் தேடுகிறவர்கள், சேர்ப்பதற்கு மட்டும் வரி எழுதி, நீக்குவதற்கு ஒரு வரியும் எழுதாமல் விட்ட ஏதோ ஒரு பட்டியலைப் பல தடவை கண்டுபிடிக்கிறார்கள்.